பழைய வழக்குகளைப் படித்துக் குறுக்கு விசாரணை பழகுவது எப்படி

ஆபிரகாம் லிங்கன் 1858-இல் டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞருக்காக நடத்திய கொலை வழக்கைக் கேள்விப்படாமல் சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வருபவர் குறைவு. இரவு பதினொரு மணிவாக்கில், 150 அடி தூரத்திலிருந்து, நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி, லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார், கட்சிக்காரர் விடுதலையானார். அன்று நிலாவே இல்லை என்று பலர் கதையை முடிப்பார்கள். நிலா இருந்தது. சாட்சி சொன்னதுபோல் உச்சியில் இல்லாமல், மறையும் தறுவாயில் அடிவானத்தை ஒட்டி இருந்தது. பஞ்சாங்கம் எடுபட்டதற்குக் காரணம், அதை வெளியே எடுப்பதற்கு முன்பே நிலா இருந்த இடத்தைச் சாட்சியின் வாயால் பலமுறை சொல்லவைத்து, மாற்றிச் சொல்ல வழியில்லாமல் செய்திருந்தது. கதையாகக் கேட்பவருக்குப் பஞ்சாங்கம் மனதில் நிற்கும். தொழில் பழக வந்தவருக்கு வேண்டியது அதற்கு முந்தைய கேள்விகள்.

விசாரணை நீதிமன்றத்தில் நிற்கப்போகும் ஜூனியர்களுக்கும் மாணவர்களுக்கும் பழைய வழக்குகள் பயன்படும். ஆனால் படிக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். எல்லாத் திறமையையும் ஒரே மூச்சில் பழக முடியாது; இங்கே குறுக்கு விசாரணையை, அதாவது எதிர்த்தரப்பு அழைத்த சாட்சியிடம் நாம் கேள்வி கேட்பதை, மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எதைப் படிப்பது

கேள்வியும் பதிலும் வரிக்கு வரி பதிவான நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயத்தின் நடவடிக்கைகள் முழுமையாக அச்சாகி, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்து வழக்கின் குறிப்புகளைக் கார்னெல் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்குகளும் இணையத்தில் உண்டு.

ஓல்ட் பெய்லி பதிவுகளில் ஒரு குறை: பெரும்பாலான இடங்களில் வழக்கறிஞரின் கேள்வி இருக்காது, சாட்சியின் பதில்கள் மட்டும் தொடர்ச்சியாக இருக்கும். இதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். நம் செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் சாட்சியம் அப்படித்தான் பதிவாகிறது. "நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று சாட்சி தானாகவே பேசுவதுபோல் இருக்கும். கேட்டவர் காணாமல் போயிருப்பார். அந்தப் பதில்களிலிருந்து கேள்விகளைத் திரும்பக் கட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒரு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என்ன கேட்டிருப்பார்கள் என்று எழுதுங்கள். பதில் நீளமாக இருந்தால் கேள்வி தளர்வாக இருந்திருக்கும் என்பது பத்துப் பதினைந்து வரிகளுக்குள் பிடிபடும்.

இந்திய வழக்குகளில் பொதுவாகத் தீர்ப்பு மட்டுமே கைக்குக் கிடைக்கும். அதுவும் உதவும், வேறு விதத்தில். நானாவதி வழக்கைப் பற்றிப் பின்னால் சொல்லும்போது அது தெளிவாகும்.

நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி

ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது கேள்விகள் போதும். முதலில் வழக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: இந்தச் சாட்சியிடம் இந்த வழக்கறிஞருக்கு என்ன வேண்டும்? அதை எழுத முடியாவிட்டால் முதல் விசாரணையை (சாட்சியை அழைத்த தரப்பே அவரிடம் முதலில் கேட்டதை) மறுபடி படியுங்கள். பிறகு பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் பதில். மூன்றாவதில், இந்தப் பதிலால் சாட்சிக்கு எந்த வழி அடைபட்டது என்பது. நான்காவதில், சாட்சி வேறு மாதிரி சொல்லியிருந்தால் காட்டுவதற்கு வழக்கறிஞர் கையில் என்ன இருந்தது என்பது.

மூன்றாவது பத்தி காலியாகக் கிடக்கும் கேள்விகள் வீண் கேள்விகள். நான்காவது பத்தி காலியாக இருப்பவை ஆபத்தான கேள்விகள். பெரிய பேர் வாங்கியவர்களின் விசாரணையிலும் இரண்டும் இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

பிகாட்: கேள்விகளின் வரிசை

நான்கு பத்தி முறையை முதலில் போட்டுப் பார்க்க 1889 பிப்ரவரியில் லண்டனில் பார்னெல் ஆணையத்தின் முன் பார்னெலின் வழக்கறிஞர் சார்லஸ் ரஸ்ஸல் செய்த குறுக்கு விசாரணையைவிட நல்லது இல்லை. பின்னணி இதுதான். அயர்லாந்துத் தலைவர் பார்னெல் அரசியல் கொலைகளுக்கு உடந்தை என்று காட்டும் கடிதங்களை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் வெளியிட்டது. அந்தக் கடிதங்கள் ரிச்சர்ட் பிகாட் என்ற பத்திரிகையாளர் வழியாக வந்தவை. அவரே போலியாகத் தயாரித்தார் என்பது ரஸ்ஸலின் தரப்பு.

ரஸ்ஸல் எடுத்த எடுப்பில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். 'வாழ்வாதாரம்', 'நிகழக்கூடியது' போன்ற பொருள் தரும் சில ஆங்கிலச் சொற்கள், பிகாட்டின் சொந்தப் பெயர், பார்னெலின் கூட்டாளி பேட்ரிக் ஈகனின் பெயர். எழுதி முடித்ததும், ஏதோ மறந்துபோனதுபோல் இன்னொரு சொல்லையும் கேட்டார்: 'ஹெசிட்டன்சி', அதாவது தயக்கம், சிறிய 'எச்' போட்டு எழுதுங்கள் என்று. பிகாட் அந்தச் சொல்லில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டார். போலிக் கடிதம் ஒன்றிலும் அதே சொல் அதே பிழையோடு இருந்தது.

இங்கே நோட்டில் குறிக்க வேண்டியவை மூன்று. வேண்டிய சொல் பட்டியலின் கடைசியில், வேண்டாத சொற்களுக்குப் பின்னால் ஒளிந்து வந்தது. 'சிறிய எச்' என்று சொன்னதால் சாட்சியின் கவனம் முதல் எழுத்துக்குப் போனது. பிழை வரப்போகும் இடத்தை அவர் யோசிக்கவில்லை. மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது: தாளை வாங்கியதும் ரஸ்ஸல் பிழையைச் சுட்டிக்காட்டவில்லை. வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். உடனே "இது ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தால், அது பலரும் செய்கிற பிழை என்றோ, போலிக் கடிதத்தைப் பார்த்துப் பழகிய கை என்றோ விளக்கம் சொல்ல அவகாசம் கிடைத்திருக்கும்.

அடுத்தது தேதிகள். 'டைம்ஸ்' கட்டுரைகள் 1887 மார்ச் 7-ஆம் தேதி தொடங்கின. அந்தத் தேதியை முதலில் பதிவு செய்துகொண்டார் ரஸ்ஸல். பார்னெல் மீது குற்றச்சாட்டுகள் வரப்போவது முன்கூட்டித் தெரியுமா என்று கேட்டார். கட்டுரைகள் வெளிவரும்வரை தெரியாது என்றார் பிகாட். ரஸ்ஸல் திரும்பக் கேட்டார், அதே பதில். சத்தியமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார், ஆமாம். அதன் பிறகே ஒரு கடிதத்தை நீட்டி, படிக்க வேண்டாம், உங்கள் கையெழுத்தா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஒப்புக்கொண்டார் பிகாட். பேராயர் வால்ஷுக்கு அவர் எழுதிய கடிதம் அது; தேதி 1887 மார்ச் 4. பார்னெலையும் கட்சியையும் அழிக்க நடக்கும் ஏற்பாடுகள் தனக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார்.

வரிசையைப் பாருங்கள்: தேதியை நிலைநிறுத்துவது, மறுப்பை வாங்குவது, மறுப்பை இறுக்குவது, ஆவணத்தை அவர் வாயாலேயே மெய்ப்பிப்பது, கடைசியாகப் படித்துக் காட்டுவது. இதில் எந்த இரண்டையும் இடம் மாற்றினாலும் விசாரணை கெட்டுப்போகும். கடிதத்தை முதலில் காட்டியிருந்தால் "ஆமாம், கொஞ்சம் தெரியும்" என்று பிகாட் நழுவியிருப்பார். ஜூனியர்கள் செய்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: நல்ல ஆவணம் கையில் இருக்கிற உற்சாகத்தில் அதை முதல் கேள்வியிலேயே நீட்டிவிடுவது. பிப்ரவரி 26-ஆம் தேதி பிகாட் ஆணையத்துக்கு வரவில்லை; ஊரைவிட்டு ஓடி, மாட்ரிட் நகரில் தற்கொலை செய்துகொண்டார்.

இதையே நம் நீதிமன்றத்தில் செய்ய

பிகாட்டின் கடிதம் அவரே எழுதியது. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது போலீசார் எழுதிய வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆவது பிரிவு. சாட்சியின் கையொப்பம் அதில் இருக்காது. அரசு தரப்புச் சாட்சியின் பேச்சில் முரண்பாடு காட்டுவதற்குத்தான் எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு, அதைப் பயன்படுத்த முடியும். ஆகவே ரஸ்ஸலின் வரிசையோடு இன்னும் இரண்டு படிகள் சேரும்.

சாட்சி இப்போது சொல்வதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். போலீசார் விசாரித்தார்கள் என்பதையும் எப்போது என்பதையும் வாங்குங்கள். பிறகு வாக்குமூலத்தில் உள்ள அந்த வாசகத்தை மட்டும், ஒரு சொல் மாறாமல் படித்து, இப்படிச் சொன்னீர்களா என்று கேளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 148-ஆவது பிரிவு (பழைய 145) கேட்பது இதைத்தான்: முரண்படும் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது. மறுத்தால், புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அதே வாசகத்தை அவரிடம் கேட்டு, சாட்சி அப்படிச் சொன்னார் என்று வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவது மிகவும் சகஜம். இடையில் பல மாதங்கள் ஓடிவிடும், கேஸ் கட்டில் குறிப்பு இருக்காது. அ.சா.1 (அரசு தரப்பின் முதல் சாட்சி) மறுத்த அன்றைக்கே கட்டின் மேல்தாளில் அதிகாரியிடம் கேட்க வேண்டியதை எழுதிவைக்க வேண்டும். நீதிமன்றத்தில் சொல்லி, வாக்குமூலத்தில் விடுபட்ட விஷயங்களுக்கும் இதே நடைமுறைதான்: "போலீசாரிடமும் சொன்னேன்" என்று சாட்சி சொன்னால், அப்படிச் சொல்லவில்லை என்பதை அதிகாரியிடம் வாங்க வேண்டும். முக்கியமான விடுபடல் மட்டுமே முரண்பாடாகக் கருதப்படும். சட்டையின் நிறத்தைச் சொல்லவில்லை என்பதையெல்லாம் பட்டியல் போட்டால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

தமிழில் கேட்கும்போது ஒரு பொறி உண்டு. "நீங்கள் அங்கே போகவில்லைதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்று பதில் வரும். போனாரா, போகவில்லையா? தட்டச்சர் ஒன்றை எழுதுவார், நீங்கள் இன்னொன்றை நினைத்திருப்பீர்கள். எதிர்மறையில் கேட்காதீர்கள். "வீட்டிலேயே இருந்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் என்பதும் தமிழில் கூடுதலாகத் தேவை. 'போய், பார்த்து, திரும்பி வந்து' என்று எச்சங்களாகக் கோத்துக் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதில் எந்தப் பகுதிக்கு "ஆமாம்" என்பது பதிவில் தெரியாது.

தோற்ற விசாரணையையும் படியுங்கள்

நியூரம்பெர்க்கில் 1946 மார்ச்சில் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்த அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. தொடக்க உரையில் உலகமே வியந்த பேச்சாளர். குறுக்கு விசாரணையில் கோரிங்கிடம் திணறினார். கேள்விகள் அகலமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சொற்பொழிவுக்கு இடம் கொடுத்தது. விளக்கம் சொல்லத் தீர்ப்பாயம் அனுமதித்துவிட்டது. ரைன்லாந்து என்ற எல்லைப் பகுதியை மீட்கும் திட்டம் என்று ஜாக்சன் நினைத்து நீட்டிய ஆவணம், ரைன் ஆற்றில் போக்குவரத்தை ஒழுங்கு செய்வது பற்றியது என்று கோரிங் திருத்தினார். சரி, அந்த ஏற்பாடுகளை வெளிநாடுகளுக்குத் தெரியாமல் ரகசியமாக வைத்தீர்களே என்றார் ஜாக்சன். அமெரிக்காவின் படைதிரட்டல் ஏற்பாடுகள் முன்கூட்டி வெளியானதாக நான் படித்ததில்லை என்றார் கோரிங். ஜாக்சன் கோபப்பட்டுத் தீர்ப்பாயத்திடம் முறையிட்டார்.

அடுத்து வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் நாஜி சித்தாந்தத்துக்குள் போகவே இல்லை. சாகன் என்ற ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து 1944 மார்ச்சில் தப்பிப் பிடிபட்ட விமானப்படை அதிகாரிகளில் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டார். எந்தத் தேதியில் நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள், உங்கள் அமைச்சகத்தில் யாருக்கெல்லாம் தெரியும், எப்போது தெரியும். சிறிய கேள்விகள், தேதியும் பெயரும் வைத்தவை. கோரிங்கின் சொற்பொழிவுக்கு இடமே கிடைக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் நான்கு பத்தியில் போட்டுப் பாருங்கள். ஜாக்சனின் பக்கத்தில் நான்காவது பத்தி எவ்வளவு காலியாக இருக்கிறது என்பது கண்ணில் படும். ஆவணத்தின் மொழிபெயர்ப்பை நம்பி, மூலத்தைத் தெரிந்தவரிடம் காட்டாமல் கூண்டுக்குக் கொண்டுபோவதன் விலையும் தெரியும். நம் ஊரில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கிரயப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கேள்வி தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காப்பியடிக்கக் கூடாதவை

டிரையாங்கிள் வழக்கு. 1911 மார்ச் 25 தீ விபத்தில் 146 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒன்பதாவது மாடிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது உரிமையாளர்கள் மீதான குற்றச்சாட்டு. கேட் ஆல்டர்மன் என்ற தொழிலாளி நெஞ்சை உருக்கும் சாட்சியம் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மேக்ஸ் ஸ்டோயர் அவரைத் தாக்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். ஏறக்குறைய அதே சொற்களில் வந்தது. மறுபடியும் சொல்லச் சொன்னார். ஒரு இடத்தில் ஒரு சொல் விடுபட, விட்டுவிட்டீர்களே என்று எடுத்துக்கொடுத்தார்; ஆமாம், விட்டுவிட்டேன் என்றார் அவர். மனப்பாடம் என்ற எண்ணம் ஜூரர்கள் மனதில் விழுந்தது. உரிமையாளர்கள் விடுதலையானார்கள்.

குறுக்கு விசாரணைப் பாடங்களில் இது அடிக்கடி புகழப்படும். எங்களுக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடு இல்லை. ஆங்கிலம் சரளமாக வராத குடியேறிய பெண் ஒருவர், பலமுறை சொல்லிச் சொல்லி ஒரே வடிவத்தில் நிலைத்துப்போன நினைவைச் சொன்னார் என்பதற்கும் இதே பதிவு ஆதாரமாகும். அது போக, நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: இந்த உத்தி நம் நீதிமன்றத்தில் பதிவில் நிற்காது. சாட்சி மூன்று முறை ஒரே மாதிரிச் சொன்னதைத் தட்டச்சர் ஒரு பத்தியாகச் சுருக்கிவிடுவார். மேல்முறையீட்டில் யார் கண்ணிலும் படாது. எதிர்த்தரப்பின் முதல் விசாரணையை மூன்று முறை உறுதிப்படுத்திக் கொடுத்ததுதான் மிச்சம். கேள்வியின் சொற்களே முக்கியமாக இருக்கும் இடத்தில், அந்தப் பகுதியைக் கேள்வி பதிலாகவே பதியும்படி அங்கேயே கேளுங்கள். செஷன்ஸ் விசாரணையில் நீதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு (நடைமுறைச் சட்டத்தில் பழைய 276, புதிய 311).

"ஒரு கேள்வி முன்னதாகவே நிறுத்து" என்ற ஜூரி காலத்து அறிவுரையையும் அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் தரப்பு என்னவோ அதைச் சாட்சியிடம் வைத்தாக வேண்டும். 1893-இல் பிரவுன் எதிர் டன் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்ன இந்த விதியை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. வைக்காவிட்டால் அந்தச் சாட்சியத்தை மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படலாம். இப்படி நம் தரப்பைச் சாட்சியிடம் வைக்கும் கேள்விக்குப் பெயர் சஜெஷன். அதைச் சுருக்கமாக வையுங்கள், மறுப்பை வாங்குங்கள், உட்காருங்கள். மறுக்கப்பட்ட சஜெஷன் ஆதாரமாகாது. இருபது சஜெஷன் வைத்தாலும் அதேதான்.

பழைய விசாரணைகளில் பெண் சாட்சிகளின் ஒழுக்கத்தைக் கிளறும் கேள்விகள் நிறைய வரும். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் முந்தைய உறவுகளைப் பற்றிக் கேட்க இன்றைய சட்டம் இடம் தருவதில்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

செய்து காட்டுவதிலும் இதே எச்சரிக்கை. 1995 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சனை, சான்றாக இருந்த தோல் கையுறையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் அரசு வழக்கறிஞர் கிறிஸ்டோபர் டார்டன். உள்ளே ரப்பர் கையுறை வேறு போட்டிருந்தார் சிம்ப்சன். தோல் கையுறை ஏறவில்லை என்பதுபோல் தெரிந்தது. சான்றுப் பொருளை வைத்து எதையும் கூண்டில் செய்து காட்டுவதற்கு முன், விளைவு எதிராளியின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்யாதீர்கள்.

நானாவதி: தீர்ப்பிலிருந்து பின்னோக்கி

கடற்படை கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் சுட்டார். ஜூரி 8க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திடீர்க் கோபம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது நேரத்தை வைத்துத்தான். பகல் 1.30 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார். மனைவியையும் குழந்தைகளையும் சினிமாவில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய், வேறு காரணம் சொல்லி, கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போய், அங்கே இல்லாததால் வீட்டுக்குப் போனார். சுட்டது 4.20 மணிவாக்கில். கைகலப்பில் தவறிச் சுட்டது என்ற வாதத்துக்கு எதிராக நின்ற பொருள், குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்பில் அவிழாமல் இருந்த துண்டு.

தீர்ப்பைப் படித்து, நீதிமன்றம் நம்பிய ஒவ்வொரு உண்மையையும் ஒரு வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது எந்தச் சாட்சி மூலம் வந்திருக்க முடியும், அவரிடம் எந்தக் கேள்விகளால் அதை வாங்கலாம் என்று எழுதுங்கள். துப்பாக்கி கொடுத்த கப்பல் ஊழியரிடம் ஆறு கேள்விகள் போதும்: நேரம், கேட்ட பொருள், எண்ணிக்கை, சொன்ன காரணம், கையெழுத்து, கிளம்பிய நேரம். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்ற ஏழாவது கேள்வியைக் கேட்க ஆசை வரும். அரசு தரப்பில் நின்றால் கேட்காதீர்கள். கொதித்துப்போயிருந்தார் என்று சொல்லிவிட்டால் திடீர்க் கோபத்துக்கு நீங்களே சாட்சி தேடிக்கொடுத்தவர்கள் ஆவீர்கள். எதிரி தரப்பில் நின்றால் அதே கேள்வியை எப்போது, எந்தச் சொற்களில் கேட்கலாம் என்று யோசித்து எழுதிப் பாருங்கள்.

கூடிப் பழக

நான்கு பேர் வேண்டும்: சாட்சி, வழக்கறிஞர், நீதிபதி, தட்டச்சர். சாட்சிக்கு முதல் விசாரணைப் பகுதியை மட்டும் கொடுங்கள். குறுக்கு விசாரணையை அவர் முன்பே படித்திருக்கக் கூடாது. பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தட்டச்சராக இருப்பவர் கேள்வியை எழுதாமல், நம் நீதிமன்ற வழக்கப்படி சாட்சி சொல்வதுபோல் தமிழில் எழுத வேண்டும். முடிந்ததும், அறையில் இல்லாத ஐந்தாவது ஆளிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்து, சாட்சி எதை ஒப்புக்கொண்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் வழக்கறிஞர் முதலில் எழுதிய ஒற்றை வாக்கியமும் பொருந்தாத இடங்களில் கேள்வியை மாற்றி எழுதி, வேறு ஒருவரைச் சாட்சியாக நிறுத்தி மறுபடி நடத்துங்கள். பழைய சாட்சியையே வைத்தால் பதில் பழகிப்போயிருக்கும்.